காதில் ஓயாத இரைச்சல்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து கேட்புப் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பலர், காது கேட்கவில்லை என்று சொல்வதற்கு முன்பே காது இரைகிறது என்றுதான் தொடங்குகிறார்கள். அவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, கேட்பியல் பணியில் இருப்பவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். மருத்துவரைப் பார்ப்பதற்கு இது மாற்று அன்று. எப்போது போக வேண்டும், போனால் என்ன சொல்ல வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பவை தெரிந்திருந்தால் அலைச்சலும் மனவேதனையும் பெருமளவு குறையும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வெளியே எந்தச் சத்தமும் இல்லாதபோது என் காதில் மட்டும் ஏன் 'ஙொய்' என்று கேட்கிறது?

இது உங்களுக்கு மட்டும் வந்ததன்று. வயது வந்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 10 முதல் 15 பேர் இத்தகைய ஒலியை உணர்கிறார்கள். அவர்களில் மிகச் சிலருக்கே அது தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குப் போகிறது. சிலருக்குச் சில்வண்டு கத்துவதாகவும், சிலருக்குக் குக்கர் விசிலாகவும், சிலருக்குக் காற்று வீசுவதாகவும், இன்னும் சிலருக்கு மோட்டார் ஓடுவதாகவும் கேட்கும். இது தனி நோயன்று. கேட்கும் பாதையில் எங்கோ ஏதோ மாறியிருக்கிறது என்பதற்கான அறிகுறி.

உள்காதில் நத்தை ஓடு வடிவில் உள்ள உறுப்பில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உணர்வணுக்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்குரிய மின்குறிப்பாக மாற்றுவது அவற்றின் வேலை. வயதாலோ பேரிரைச்சலாலோ மருந்தாலோ அவற்றில் ஒரு பகுதி அழிந்துவிட்டால், மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. அப்பகுதியிலிருந்து வரவேண்டிய குறிப்பு குறையும்போது, மூளை அந்தக் குறையை ஈடுகட்டத் தன் கூர்மையைக் கூட்டிக்கொள்கிறது. நிலையம் சரியாகக் கிடைக்காத வானொலியில் ஒலியைக் கூட்டினால் பின்னணி இரைச்சலும் சேர்ந்து கூடுவது போன்றது இது. ஆகவேதான் கேட்கும் திறன் எந்தச் சுருதியில் குறைந்திருக்கிறதோ, பெரும்பாலும் அதே சுருதியை ஒட்டியே இரைச்சலும் அமைகிறது.

1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலிபுகா அறையில் அமர வைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 100-க்கு 94 பேர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாக எழுதினார்கள். நிசப்தத்தில் தலைக்குள் ஒலி கேட்பது மனித இயல்புக்குப் புறம்பானது அன்று என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?

மிக எளிய காரணம், செவித்துளையை அடைத்து நிற்கும் காதழுக்கு. அதை முறையாக எடுத்தவுடன் இரைச்சல் அடங்குவதும் உண்டு. சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டுவது, நெடுநாள் சீழ் வடிவது, செவிப்பறையில் ஓட்டை விழுவது ஆகியவை அடுத்து வரும். நடுக்காதின் மூன்று சிற்றெலும்புகளில் கடைசியானது இறுகி அசையாமல் போவது ஒரு நோய்; இது பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது, அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் கேட்கும் திறனை மீட்டுத் தரக்கூடியது. காது அடைப்பு, ஏறி இறங்கும் கேட்புக் குறைவு, மணிக்கணக்கில் நீடிக்கும் தலைச்சுற்றல் ஆகியவற்றோடு இரைச்சலும் சேர்ந்து விட்டுவிட்டு வந்தால் அது மெனியர் நோயாக இருக்கலாம்.

காதுக்கு வெளியே இருக்கும் காரணங்களும் உண்டு. தாடை மூட்டுத் தேய்மானமும் கழுத்துத் தசை இறுக்கமும் இருப்பவர்களுக்குப் பல்லைக் கடிக்கும்போதோ தலையைத் திருப்பும்போதோ இரைச்சலின் அளவு மாறும். இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றையும் மருத்துவர் கேட்டறிவார்.

இவை எல்லாவற்றையும் விட அதிகமாக நான் பார்ப்பது இரண்டுதான்: வயதால் வரும் கேட்புக் குறைவும், சத்தத்தால் வரும் கேட்புக் குறைவும்.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றினால் சரியாகுமா?

ஆகாது, ஊற்றவும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருப்பது உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். அதன் வழியே எண்ணெய் நடுக்காதுக்குள் போனால் கிருமித்தொற்று வரும். ஓட்டை இல்லாவிட்டாலும், நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் காதுக்குள் காளான் படர அந்த ஈரமே போதும். கொண்டை ஊசி, கோழி இறகு, தீக்குச்சி, பஞ்சுக் குச்சி ஆகியவை அழுக்கை வெளியே கொண்டுவருவதைவிட உள்ளே தள்ளுவதே அதிகம். அழுக்கு இருந்தால், அதை இளக்கும் சொட்டு மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். சில நாள் கழித்து உறிஞ்சியோ கழுவியோ எடுத்துவிடுவார். கடைத்தெருவில் காது குடைந்துவிடுபவர்களிடம் காதை நீட்டுவதை இன்றைக்கும் பார்க்கிறேன். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

நான் பல ஆண்டுகளாக அரிசி ஆலையில் வேலை பார்க்கிறேன். அதுதான் காரணமா?

பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். புதுவயல் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களையும், காரைக்குடியில் பழைய வீட்டுத் தேக்குத் தூண்களையும் நிலைகளையும் அறுத்து இழைக்கும் மரப்பட்டறைக்காரர்களையும், கல் அறுப்பவர்களையும் பரிசோதித்தால், எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கேட்பு வரைபடத்தில் ஏறக்குறைய ஒரே வடிவத்தைப் பார்க்கலாம்: தாழ்ந்த சுருதிகள் நன்றாக இருக்கும்; 4000 ஹெர்ட்ஸ் (ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் அளவு) அருகே கோடு குழிபோல இறங்கும்; 8000-இல் கொஞ்சம் மேலே ஏறும். சத்தத்தால் கெட்ட காதின் அடையாளம் அந்தக் குழி. பேச்சு அப்போதும் ஓரளவு நன்றாகவே கேட்பதால், "எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது, இரைச்சல் மட்டும்தான்" என்று அவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். வரைபடத்தைக் காட்டிய பிறகுதான், பேரப்பிள்ளைகளின் கீச்சுக்குரல் சில காலமாகப் பிடிபடாமல் இருப்பதை ஒப்புக்கொள்வார்கள்.

பொதுவாக, 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பதே பாதுகாப்பின் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2, 94-இல் 1. அளவுமானி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் உங்கள் காதுக்குக் கேடு செய்யும் இடம்.

தலையில் துண்டைக் கட்டிக்கொள்வதும் காதில் வெறும் பஞ்சை வைப்பதும் சத்தத்தைப் போதுமான அளவு தடுப்பதில்லை. மருந்துக்கடைகளிலும் பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளிலும் கிடைக்கும் நுரை அடைப்பானை விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மற்றொரு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே செலுத்தி, அது விரியும்வரை சற்று நேரம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வாசலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் அடைப்பான் இருந்தும் இல்லாததுதான். ஆலை முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: தொழிலாளிக்கு ஆண்டுதோறும் கேட்புப் பரிசோதனை செய்துவைப்பது பெரிய செலவன்று, போன காதைத் திருப்பித் தர எந்தச் செலவாலும் முடியாது.

திருவிழாவில் வெடியும் ஒலிபெருக்கியும் கேட்டுவிட்டு வந்த இரவில் காது இரைகிறது. மறுநாள் சரியாகிவிடுகிறது. கவலைப்பட வேண்டுமா?

மறுநாள் சரியானதற்காக மகிழலாம். ஆனால் அது காது கொடுத்த எச்சரிக்கை. தற்காலிகமாகச் சோர்ந்த உணர்வணுக்கள் மீண்டுவிட்டன என்பதே அதன் பொருள், ஒவ்வொரு முறையும் முழுமையாக மீளும் என்பதற்கு உறுதியில்லை. சிராவயல் மஞ்சுவிரட்டானாலும் கொப்புடையம்மன் கோயில் திருவிழாவானாலும், கட்டிவைத்த ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் பட்டாசுக்கு நம் நாட்டில் அனுமதி இல்லை. அந்த வரம்புக்குள் இருக்கும் வெடிகூட முகத்துக்கருகே வெடித்தால் ஒரே நொடியில் நிரந்தரக் கேடு செய்யும். தவில் வாசிப்பவர்களும் அவர்களுக்குப் பக்கத்திலேயே அமரும் நாகசுரக்காரர்களும் தங்கள் காதை முப்பது வயதிலேயே ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. வெடிச்சத்தத்துக்குப் பின் காது மந்தமாகி, மறுநாளும் தெளியாவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

நான் சாப்பிடும் மாத்திரைகளால் வந்திருக்குமா?

வந்திருக்கலாம். அதிக அளவில் எடுத்துக்கொள்ளும் ஆஸ்பிரின், மலேரியாவுக்கான குயினைன், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசி மருந்துகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், நீர் பிரிய உயர் அளவில் தரப்படும் ஃபுரோசிமைடு ஆகியவை காதைத் தாக்கக்கூடியவை. ஆஸ்பிரினால் வரும் இரைச்சல் பொதுவாக மருந்தை நிறுத்தினால் போய்விடும். ஜென்டாமைசின் வகையும் சிஸ்பிளாட்டினும் ஏற்படுத்தும் கேடு நிலைத்துவிடலாம். இதயத்துக்காகத் தினமும் எடுக்கும் சிறிய அளவு ஆஸ்பிரினைப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதனால் வரும் ஆபத்து இரைச்சலைவிடப் பெரியது. எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த நிலையில் உடனடியாகப் போக வேண்டும்?

ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள், கேட்காமல் போய் இரைச்சலும் வந்தால் அது அவசரநிலை. இந்தக் கேள்விக்கான பதிலை மட்டும் வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். உள்காதுப் பாதிப்புதான் என்று உறுதியானால் ஸ்டீராய்டு சிகிச்சை தரப்படும். அது முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பயன் தர அதிக வாய்ப்பு, இரண்டு வாரத்தைத் தாண்டினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சளியால் அடைத்திருக்கிறது, தானே திறக்கும் என்று ஒரு மாதம் பொறுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை.

முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், கடுமையான தலைச்சுற்றல், தலையில் அடிபட்ட பின் தொடங்கிய இரைச்சல் ஆகியவற்றுக்கும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சலை அந்த அளவுக்கு அவசரமில்லை என்றாலும் தள்ளிப்போடக் கூடாது. கேட்பு நரம்பை ஒட்டி வளரும் புற்றல்லாத கட்டி அரிதாக அப்படித் தொடங்கும் என்பதால், எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

எனக்கு நாடித் துடிப்போடு சேர்ந்து 'தப்தப்' என்று கேட்கிறது. இதுவும் அதே வகைதானா?

இது வேறு வகை. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு கவனியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இரத்தசோகை, தைராய்டு மிகைச்சுரப்பு, கழுத்து இரத்தக்குழாய்ச் சுருக்கம், மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடுதல், நடுக்காதில் இரத்தக்குழாய்க் கட்டி என்று கண்டுபிடித்துச் சிகிச்சை தரக்கூடிய காரணங்கள் இதற்கு உண்டு. தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்திருந்தால் கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

பரிசோதனையில் என்ன செய்வார்கள்? வலிக்குமா?

வலிக்காது. மருத்துவர் காதுக்குள் பார்த்து, 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியிலும் காதுக்குப் பின்புறமும் வைத்து, பழுது நடுக்காதிலா உள்காதிலா என்பதை அங்கேயே ஓரளவு கணித்துவிடுவார். பிறகு ஒலிபுகா அறையில் காதொலிப்பானை மாட்டி 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை மெல்லிய ஒலிகளைக் கேட்கச் செய்வோம். கேட்டவுடன் பொத்தானை அழுத்தினால் போதும். இரைச்சல் உள்ளவர்கள் இங்கே திணறுவார்கள்: "கேட்டது கருவியின் சத்தமா, என் காதின் சத்தமா என்று தெரியவில்லை" என்பார்கள். அப்போது தொடர் ஒலிக்குப் பதில் விட்டுவிட்டு வரும் ஒலியையோ நடுங்கும் ஒலியையோ கொடுத்துப் பரிசோதிப்போம். ஆகவே குழப்பமாக இருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

தேவைக்கேற்ப இரத்தப் பரிசோதனையும் இருக்கும். எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. அரசு மருத்துவமனைகளில், காரைக்குடியிலும் சிவகங்கை, புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிகளிலும், காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காட்டுங்கள். மேற்சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது.

பகலில் தெரிவதில்லை, இரவில்தான் தாங்க முடியவில்லை. ஏன்?

நம் ஊர்ப்பக்கத்துக்கே மிகவும் பொருந்தும் கேள்வி இது. கனத்த சுவரும், முகப்பும் வளவும் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) இரண்டாங்கட்டுமாக ஒரு தெருவிலிருந்து மறுதெரு வரை நீளும் வீட்டில், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வயதான ஓர் ஆச்சியோ ஐயாவோ துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். சாயங்காலம் வாசற்கதவைச் சாத்தினால் வெளியுலகின் சத்தம் ஒன்றும் உள்ளே வராது. அந்த நிசப்தத்தில் மூளைக்குக் கேட்க வேறொன்றும் இல்லாததால் இரைச்சல் மட்டுமே முன்னே வந்து நிற்கிறது.

பள்ளத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஓர் ஆச்சி, பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டில் இரவெல்லாம் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது என்று நம்பி, காவல்காரரைப் பலமுறை அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இரண்டு காதிலும் வயதுக்குரிய கேட்புக் குறைவு இருந்தது. மோட்டார் தம் காதுக்குள்தான் ஓடுகிறது என்பது தெரிந்ததும் அவர் முதலில் கேட்டது, "அப்படியென்றால் எனக்குப் புத்தி பேதலிக்கவில்லையே?" என்பதுதான். பேதலிக்கவில்லை. அந்த ஒரு பயம் நீங்கியதே அவருக்குப் பாதி மருந்தாக இருந்தது.

செய்ய வேண்டியது இதுதான்: படுக்கும் அறையை முழு நிசப்தமாக விடாதீர்கள். மின்விசிறி ஓடட்டும், குளிர்காலமானால் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். வானொலியில் கோடைப் பண்பலையை மெல்ல வைக்கலாம். மழைச் சத்தம், அலைச் சத்தம் ஆகியவற்றை இடைவிடாமல் தரும் செயலிகளும் கைப்பேசியில் கிடைக்கின்றன. அளவில்தான் கவனம் வேண்டும். இரைச்சலை முழுவதும் மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்காமல், இரண்டும் சேர்ந்து கேட்கும்படி, இரைச்சலைவிடச் சற்றுக் குறைவாகவே வையுங்கள். அப்போதுதான் மூளை அந்த ஒலியைப் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒன்றாகப் பழகிக்கொள்ளும். பகலிலும் வளவில் தனியே உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு இது பொருந்தும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தால் இரைச்சல் இன்னும் பெரிதாகத்தான் கேட்கும்.

இதைப் போக்க மாத்திரை இல்லையா?

இரைச்சலை மட்டும் நீக்கும் மருந்து என்று நிறுவப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. ஜிங்கோ பைலோபா என்ற மூலிகை மருந்து, துத்தநாகம், பலவகைச் சத்து மாத்திரைகள் ஆகியவற்றை இதற்காக விற்கிறார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, நீடித்த இரைச்சலுக்கு அவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. தலைச்சுற்றலுக்குத் தரும் பீட்டாஹிஸ்டின், மெனியர் நோய் இல்லாதவருக்கு இரைச்சலைக் குறைக்கும் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. இரத்தசோகை, தைராய்டு, பி12 குறைபாடு இருந்தால் அவற்றுக்கு மருந்து எடுக்கத்தான் வேண்டும். முப்பதே நாளில் குணம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள்.

காது கேட்கும் கருவி எதற்கு? எனக்கு இரைச்சல்தானே தொல்லை?

கேட்புக் குறைவும் சேர்ந்திருப்பவர்களுக்குக் கருவியே சிறந்த முதல் உதவி. வெளியொலிகள் போதிய அளவு மூளைக்குப் போய்ச் சேரும்போது இரைச்சல் பின்னுக்குப் போகிறது. கேட்பதற்காகப் படும் சிரமமும் குறைகிறது. கல்யாண வீட்டுக்குப் போனால் யார் என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் வெட்கப்பட்டு, போவதையே நிறுத்திவிட்டவர்கள், கருவி மாட்டிய பிறகு மறுபடி நாலு பேரோடு பழகுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் பாத்திரச் சத்தம்கூட எரிச்சலாக இருக்கும். அதற்காகப் பெட்டியில் பூட்டி வைத்துவிடாமல் அளவைத் திருத்திக்கொள்ள வாருங்கள். தகுதியுள்ளவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாகக் கருவி இலவசமாகவும் கிடைக்கும்.

மனநல ஆலோசனைக்குப் போகச் சொல்கிறார்கள். இது மனநோயா?

இல்லை. ஆனால் இரைச்சலால் படும் துன்பத்தைக் குறைப்பதில் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்குத்தான் இதுவரை வலுவான ஆய்வு ஆதரவு இருக்கிறது. அது ஒலியின் அளவைக் குறைப்பதில்லை. "இது என்னை ஒழித்துவிடும்", "இனி எனக்குத் தூக்கமே இல்லை" என்று அந்த ஒலியோடு ஒட்டிக்கொண்ட எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மாற்றப் பழக்குகிறது. பயம் கூடினால் கவனம் அதன்மேலேயே நிற்கும், கவனம் நின்றால் ஒலி பெரிதாகும், ஒலி பெரிதானால் பயம் கூடும். இந்தச் சுழற்சியை எந்த இடத்தில் அறுத்தாலும் பலன் உண்டு. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் யாருக்காவது வந்தால், அதை மறைக்காமல் வீட்டாரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

காபியை நிறுத்த வேண்டுமா? உணவில் கட்டுப்பாடு உண்டா?

காபியால் எல்லோருக்கும் இரைச்சல் கூடுவதில்லை. உங்களுக்குக் கூடுகிறதா என்று சில வாரம் குறைத்துப் பாருங்கள். வேறுபாடு இல்லையென்றால் காலைக் காபியை விடத் தேவையில்லை, மாலைக்குப் பின் குடிக்காமலிருப்பது தூக்கத்துக்கு நல்லது. மெனியர் நோய் உள்ளவர்களை உப்பைக் குறைக்கச் சொல்வது வழக்கம். ஊறுகாய், வற்றல், அப்பளம் ஆகியவற்றை அவர்கள் மட்டுப்படுத்த வேண்டும். புகையிலையை எல்லோருமே விட வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும்?

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். அடுத்தவருக்குக் கேட்காத ஒலியால் துன்பப்படுகிறவருக்கு, அதை நம்பாத உறவினர் இரண்டாவது துன்பம். அதேபோல், "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று நாள்தோறும் கேட்டு அதை நினைவூட்டவும் வேண்டாம். எதிரே நின்று, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் பேசும்போது பெற்றோர் திரும்பத் திரும்ப "என்ன, என்ன" என்று கேட்டால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

முழுதும் போய்விடுமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும்?

அழுக்கு, நீர்க்கட்டு, மருந்து போன்ற நீக்கக்கூடிய காரணத்தால் வந்தது பெரும்பாலும் போய்விடும். உணர்வணுக்கள் அழிந்து வந்த இரைச்சல் முழுவதும் மறையாமல் இருக்கலாம். ஆயினும் பெரும்பாலோருக்கு, மாதங்கள் செல்லச் செல்ல, நினைத்துப் பார்த்தால் மட்டும் கேட்கும் ஒன்றாக அது ஒதுங்கிவிடுகிறது. வேலைச்சுமை, தூக்கமின்மை, சளிக்காய்ச்சல் வரும் நாட்களில் மறுபடி கூடுவதுண்டு. அது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதன் அடையாளமன்று, சில நாளில் தணியும். கேட்பு வரைபடத்தை ஆண்டுக்கொருமுறை எடுத்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டு காதில் இருந்தது ஒரு பக்கம் மட்டும் பெருகினாலோ, புதிதாகத் தலைச்சுற்றலோ கேட்புக் குறைவோ சேர்ந்தாலோ, ஆண்டு முடியும்வரை காத்திராமல் அந்தப் பழைய வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.